ஜுலைகாவின் தங்கை

மறைந்த ஜுலைகா பீவிக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று சேரன் மைக்கில் சொன்னதும், திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் ஆல்பம் வெளியீட்டுக்கு வந்திருந்த இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

நானும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். இறந்தவரின் தங்கை என்று எனக்கு மட்டும் முன்வரிசையில் குஷன் நாற்காலி.

மேடையில் ஜுலைகாவின் புருஷன் காதர் பாட்சா கிதாரைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். துக்கம் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். அஞ்சலி முடிந்ததும் நான் ஜுலைகாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்தப் பயம்தான்.

"ஜாஸ்தியா எதுவும் பேசிடாத, பேஜாராயிடும்" என்று பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை சொல்லிவிட்டார்.

சேரன் கூட்டம் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள். பஹ்ரைன் ஹோட்டலில் பதினைந்து வருஷம் ப்ளூஸ் வாசித்த மனிதர் கோட்டக்குப்பத்தில் சும்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சேர்ந்து ஆல்பம் போடலாம் என்று வந்து இறங்கினார்கள்.

ப்ளூஸ் என்கிற சோகப்பாட்டுக்கு வேதனை வேண்டுமாம். உங்கள் வேதனை என்ன பாய் என்று கேட்டார்கள்.

அவருக்கு மூட்டுவலி இருந்தது. அது போதாது என்றார்கள்.

அவர் பெற்ற பிள்ளைகள் எல்லாம் நல்ல வேலையில். சுகர்கூட அளவோடுதான். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஓர் ஆல்பம் அட்டையில் தன் பெயர் வரப்போகிறது, அது கைநழுவுகிறதே என்று மனுஷன் தவித்துப்போனார். கடைசியில், ஜுலைகா மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது என்றார்.

சேரன் கூட்டத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டதாம்.

ஆல்பத்துக்கே ஜுலைகா என்று பெயர் வைத்தார்கள். அட்டையில் போட போட்டோ கேட்டபோது, எங்கள் பக்கம் பெண்கள் படம் போடுகிற வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு ரோஜாப்பூவைப் போட்டார்கள். ஜுலைகாவுக்கு ரோஜா என்றால் தும்மல் வரும்.

சற்று முன்புதான் அந்த ஆல்பத்தின் பாட்டைப் பாடினார். நீ இல்லாத வீட்டில் டீ ஆறிக்கிடக்கிறது, இனி நான் யாரிடம் கோபித்துக்கொள்வேன் என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தார். மண்டபம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம்.

நாற்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் ஜுலைகா போட்ட டீயைப் பற்றி, சர்க்கரை கம்மி என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டாவது கீட்டாவது! மைக்கைப் பிடித்து உள்ளதைச் சொன்னால் போதும், ஆல்பம் அத்தோடு சரி. சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன்.

ஆனால் பாட்டைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஜுலைகாவின் மேல் பொறாமையாக இருந்தது.

மௌனம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிற வெண்ணிலா மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். காதர் பாட்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா கொடுத்து வெச்சவ. மச்சான் அவளுக்கு இன்னும் நெறைய பாடணும்" என்றேன்.

கைதட்டல் அடங்கவில்லை. சேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆல்பமும் ஜுலைகா அம்மாவுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தான்.

எனக்கு அக்கா யாரும் கிடையாது. வாப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஜுலைகா என்று ஆசையாகப் பெயர் வைத்தார்.