சத்தமில்லாத ஆக்ஸில்

பழைய இரும்புக் கடையின் ஓட்டைத் தகரத்தின் வழியே வெயில் காசுகாசாக விழுகிறது. வீட்டில் செங்கல் அடுக்கின்மேல் நிற்கும் பழைய பிக்கப் வண்டிக்குப் பின்பக்க ஆக்ஸில் தேடி வந்திருக்கும் நல்லகாமன், கிடப்பவற்றில் ஒன்றைக் கையால் சுழற்றுகிறான். கரகரக்கிறது. அடுத்தது சத்தமே இல்லாமல் சுழல்கிறது. “இது எந்த வண்டில கழட்டுனது பாய்?” கடைக்கார யாசீன் பீடியை எடுக்காமலே சொல்கிறார்: “அமரர் ஊர்திண்ணே. காலம்பூரா ஊர்வலத்தோட நடந்த வேகந்தான். உள்ள கியர் பல்லு எப்படித் தேயும்?” நல்லகாமனின் கை நின்றுவிடுகிறது. தையில் மகளுடைய கல்யாணச் சீர் ஏறப்போகும் வண்டி. முதலாவதை மறுபடி சுழற்றிப் பார்க்கிறான். அதே கரகரப்பு. இரண்டாவதன் கிரீஸில் காய்ந்த ரோஜா இதழொன்று ஒட்டியிருக்கிறது. அதை நகத்தால் எடுத்து, கீழே போட மனமில்லாமல், உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறான். “இதையே ஏத்துங்க. வீட்டாளுக கேட்டா ஜீப்புல கழட்டுனதுன்னு சொல்லிருங்க, பாய்.”