மாஸ்டரின் முதல் சீடர்

“இதே பலகைதான், தங்கச்சி! இதிலைதான் மாஸ்டர் எனக்கு விளையாட்டுப் பழக்கினவர்.”

பாரிஸ் லாச்சப்பல் தெருவில், தமிழ்ச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் மூலை மேசையில், குகதாசன் அந்தப் பழைய செஸ் பலகையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் ஒரு சதுரங்கச் சங்கத்தின் தலைவர். கடைசியாக அவர் வென்றது சங்கத் தேர்தல்.

எதிரே இருந்தவள் மிருணாளினி. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கே செஸ் பழக்கிய மாஸ்டர் சிவகடாட்சத்தின் மகள். போன மாதம் தகப்பன் பாரிஸ் புறநகரான ஸ்தேனில் காலமானதிலிருந்து, பலகையைக் கேட்டு இரண்டு சங்கங்கள் அவளைத் துரத்திக்கொண்டிருந்தன. ஒன்று குகதாசனுடையது. மற்றது அவரோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் இன்னொரு புறநகரான கூசேன்வில்லில் தொடங்கியது.

“அப்பாட்டைப் படிச்ச ஆளுக்குத்தான் குடுப்பன்” என்று அவள் சொல்லிவிட்டாள். குகதாசனோ மாஸ்டரின் பெயரில் அக்கடமி திறக்க மண்டபம் பிடித்து, ‘முதல் சீடர்’ என்று தன் படத்தோடு நோட்டீசும் அடித்துவிட்டார்.

“கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை கிடக்கே, அண்ணை?”

“பூச்சி அரிச்சிருக்கு. நான் விளையாடேக்கை பளிங்கு மாதிரி வழுவழுவெண்டு இருந்தது. ஓட்டையளை அடைச்சு, பொலிஷ் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்கை வைப்பம்.”

“பூச்சி நல்லா அளந்துதான் அரிச்சிருக்கு.”

“யாழ்ப்பாணத்துப் பூச்சியெல்லோ!”

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள்.

“அப்பா உங்களோடை கடுமையோ?”

“கடுமையோ! வாயே திறக்கமாட்டார். நான் ஒரு காயைப் பிழையா வைச்சா, ஒரு பார்வை. அவ்வளவுதான், காயைத் திருப்பி எடுத்துப்போடுவன். நான் கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டார், தங்கச்சி. ‘தாசன், உன்ரை முகத்திலை நான் என்னைப் பார்க்கிறன். எனக்குப் பிறகு நீதான்’ எண்டார்.”

சொல்லச் சொல்லக் குகதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பேச்சில் தானே உருகுவது அவருக்கு மேடைப் பழக்கம்.

மிருணாளினி பலகையைத் தன் பக்கம் இழுத்துப் பைக்குள் வைத்தாள்.

“என்ன தங்கச்சி, வைக்கிறியள்?”

“கூசேன்வில் தலைவரும் நேற்று உந்தப் பார்வையைச் சொல்லித்தான் அழுதவர், அண்ணை. அப்பா பிறவியிலேயே கண் தெரியாதவர். காய் சரியாமல் குத்தி வைக்கத்தான் அந்த ஓட்டையள்; விரலாலை தடவித்தான் விளையாடினவர்.”