ரெண்டு ஜி.பி.க்கு மேல் ஏறாது

"மறுபடியும் நின்னு போச்சுங்க தம்பி! இது மூணாவது தடவை!"

வளப்பூர் நாட்டு மிளகு விவசாயிகள் சங்கத் தலைவர் செல்லமுத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டார். யுவராஜ் இன்னும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சேந்தமங்கலத்துக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறி வந்த தலைச்சுற்றல் வேறு. இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சுகுணா எழுந்து இடம் விட்டாள். மலையில் 'நாடு' என்று சொல்லும் ஊர்த் தொகுதிகள் அத்தனையிலும் உள்ள மிளகுத் தோட்டங்கள் எல்லாம் அடங்கிய வரைபடம் திரையில் பாதி வந்து உறைந்து நின்றது.

"நாடு நாடாப் பிரிச்சுத் திறந்தா நிக்காதுங்க," என்றான் யுவராஜ்.

"பிரிச்சா எந்த நாட்டை மொதல்ல திறந்தேன்னு சண்டைக்கு வருவாங்க," என்றார் செல்லமுத்து. " முழுசாத்தான் தெரியணும். பதினாறு ஜி.பி. மெமரி போட்டீங்களே, அது எங்கீங்க போச்சு?"

"அது அங்கயேதானுங்க இருக்குது. இது பழைய வகை புரோகிராம். குதிர் நெறையச் சாமை இருந்தாலும் இது ரெண்டு படிக்கு மேல அள்ளாது. ரெண்டு ஜி.பி. தாண்டுச்சுன்னா படுத்துக்கும்."

"அப்பப் பெரிய படியாக் குடுக்க வேண்டியதுதானே?"

"போன ரெண்டு தடவையும் புது வகையைப் போட்டுட்டுத்தானுங்க போனேன்..."

யுவராஜ் பேச்சை நிறுத்தினான். யாரோ பழசைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை பத்தரை மணிக்கு என்று திரையிலேயே இருந்தது.

செல்லமுத்துவும் எட்டிப் பார்த்துவிட்டார். "இதைத் தொடறது சுகுணா ஒருத்திதான். அவதான் கெடுத்தான்னு எழுதிக் குடுங்க, இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திடறேன். இல்லீன்னா உங்க பேர்லதான் புகார் எழுதோணும்."

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள்.

யுவராஜ் பேனாவைத் திறந்தான். இரண்டு வரி எழுதினால் தப்பித்துவிடலாம். ஆனால் விவரம் தெரியாமல் செய்ததற்கு ஒரு பெண்ணின் பிழைப்பையா கெடுப்பது? மனசு கேட்கவில்லை.

"வேண்டாங்க. பழசு திரும்ப ஏறாத மாதிரி நான் பூட்டிட்டுப் போயிருக்கோணும். தப்பு என்னுதுதான். என் பேர்லயே எழுதிக்குங்க."

புது வகையைப் போட்டான். பத்தே நிமிடத்தில் மலை முழுதும் திரையில் விரிந்தது. அப்போதும் செல்லமுத்து சிரிக்கவில்லை. விறுவிறுவென்று ஒரு கடிதம் எழுதி மடித்து நீட்டினார்.

"உங்க மொதலாளிகிட்டக் குடுத்துருங்க. வேணும்னா வழியில படிச்சுப் பாத்துக்குங்க."

போச்சு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான். முதல் வளைவு திரும்பியதும் பொறுக்க முடியாமல் கடிதத்தைப் பிரித்தான்.

'ஐயா, இரண்டு தடவையும் பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டது என் மகள் சுகுணா; உங்கள் ஆளைத் திரும்ப வரவழைத்துக் குணம் பார்க்கப் போடச் சொன்னது நான். தம்பியை முதல் தடவை பார்த்தபோதே அவளுக்குப் பிடித்துவிட்டது, எனக்கு இன்றைக்குத்தான் பிடித்தது; அவர் வீட்டுக்கு மாப்பிள்ளை கேட்டு எப்போது வரலாம் என்று விசாரித்துச் சொல்லவும்.'