படியேறுவோம், பலம் பெறுவோம்

“லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்ல டீச்சர். மெயின் சுவிட்சை அணைச்சு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்” என்றார் மெக்கானிக்.

அறிவியல் டீச்சருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. ஒரு பருவம் முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறியவளுக்குத்தானே அந்த அருமை தெரியும்.

லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று அட்டை தொங்கவிட்ட கையோடுதான் பள்ளியில் அந்தத் திட்டமும் முளைத்தது. படிக்குப் படி கேரட், தக்காளி, வாழைப்பழம் என்று படம் ஒட்டினார்கள். மாடிக்கு மாடி மேசை போட்டு, நறுக்கிய வெள்ளரியும் கொய்யாவும் வைத்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில், ‘படியேறுவோம், பலம் பெறுவோம்’.

தினமும் காலையில் எச்.எம். அம்மாவே பிள்ளைகளோடு ஏறுவார். அவர் ஏறுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. மாடிக்கு மாடி நின்று ஒரு கொய்யாத் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்கப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் ஏதாவது கேள்வி கேட்பார்.

இந்த வயதில் இந்த அம்மாவுக்கு ஏன் இந்த வேலை? ஆசிரியர் அறையில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறார் என்றார் கணக்கு வாத்தியார். ஆரோக்கியப் பள்ளிக்கு ஷீல்டு கொடுக்கிறார்களாம், அதன் மேல் கண் என்றாள் ஓவிய டீச்சர். எது உண்மை என்று தெரியாவிட்டால் அறிவியல் டீச்சருக்குத் தூக்கம் வராது. யாரிடமும் சொல்லாமல் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள்.

“வாங்க தம்பி. இதை எச்.எம். முன்னாடி வந்து சொல்லுங்க” என்று மெக்கானிக்கை அழைத்துப் போனாள்.

மெக்கானிக்கைப் பார்த்ததும் எச்.எம். விஷயத்தைப் புரிந்துகொண்டார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

டீச்சர் உட்காரவில்லை. “நல்லா ஓடுற லிஃப்டை நிறுத்திட்டு எங்களை ஏன் மேடம் இந்தப் பாடு படுத்துறீங்க? என் முட்டி கெடக்குது, விடுங்க. ஏழாம் வகுப்புல பாண்டா இருக்கானே, அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு அவன் ஏறுறதைப் பார்த்திருக்கீங்களா? அவனுக்காகவாவது லிஃப்டைப் போடக் கூடாதா?”

பாண்டா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். டீச்சர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

எச்.எம். அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஆள் அதிகமானா லிஃப்ட்ல ஒரு மணி அடிக்குமே, அதை மட்டும் எடுத்துட முடியுமா?”

“ஐயோ மேடம், அது பாதுகாப்புக்கு வெச்சது. அதுல கை வைக்கக் கூடாது.”

“சத்தத்தையாவது நிறுத்தலாமா?”

“சத்தம் வந்தாத்தானே மேடம் கடைசியா ஏறினவர் இறங்குவார்?”

“அப்படின்னா அது அணைஞ்சே இருக்கட்டும்.”

“எங்களுக்கு மட்டுமாவது...” என்று இழுத்தாள் டீச்சர்.

“நாம லிஃப்ட்ல போனா பிள்ளைங்க எதுக்கு டீச்சர் படியேறப் போகுது?” எச்.எம். மேசை டிராயரைத் திறந்து ஒரு வலி மருந்து டியூபை எடுத்து நீட்டினார். “இதைப் போட்டுப் பாருங்க. நானும் இதைத்தான் போடுறேன்.”

டியூபும் கையுமாக வெளியே வந்த டீச்சருக்கு எரிச்சல் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். போயும் போயும் ஒரு மணி மேல் இந்த அம்மாவுக்கு அப்படி என்ன கோபம்?

“நீங்க போடுங்க தம்பி, நான் தாளாளர்கிட்ட பேசிக்கிறேன்” என்றாள்.

மெக்கானிக் தயங்கித் தயங்கி சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ‘பழுது’ அட்டையை டீச்சரே கழற்றினாள்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் மாடியேற ஆரம்பித்தார்கள். பாண்டாவும் வந்தான். வாயில் வெள்ளரித் துண்டு, இரண்டு பக்கமும் இரண்டு கூட்டாளிகள், ஒரே சிரிப்பு. விளக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கூட்டாளிகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு மெல்லப் பக்கத்தில் வந்தான்.

“டீச்சர், லிஃப்ட் சரியாயிடுச்சா?”

“ஏன், உனக்குச் சந்தோஷம்தானே?”

அவன் குனிந்து ஷூவைப் பார்த்தான்.

“அந்த மணியும் அடிக்குமா டீச்சர்?”

டீச்சருக்குச் சுருக்கென்றது.

போன பருவத்தில் ஒவ்வொரு காலையும் அப்படித்தான். லிஃப்டில் நெருக்கியடித்து நிற்பார்கள், இவன் காலை எடுத்து வைப்பான், மணி அடிக்கும். மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரிக்கும். “பாண்டா, நீ இறங்கிக்கப்பா, நேரமாச்சு” என்று ஒரு குரல் கேட்கும். அது அவள் குரல்தான். அப்புறம் கொஞ்ச நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அவன் திரும்பி வந்த அன்றுதான் கதவில் அட்டை தொங்கியது.

“இல்ல கண்ணு” என்றாள் டீச்சர். “இது இனிமே ஓடாதாம்.”

மெக்கானிக் அவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். கை தானாக சுவிட்சுக்குப் போனது.

“ஆமாப்பா, பார்ட்டே கிடைக்க மாட்டேங்குது” என்றார்.

டீச்சர் அட்டையை மறுபடி கதவில் மாட்டினாள். கைப்பையை அவனிடம் கொடுத்தாள்.

“இதைப் பிடிச்சுக்கிட்டு என்கூடவே வா கண்ணு. எனக்கு மெதுவாத்தான் ஏற முடியும்.”