வெள்ளெலிக்கு ஒரு நிலக்கடலை

நோய்க்குப் பயந்து ஊர் கதவடைத்ததும் தானிய மண்டியும் மூடிவிட்டது. அங்கே சிந்துவதைத் தின்று கொழுத்த பெருச்சாளிக்கு வயிறு ஒட்டிப்போனது. சாக்கடை வழியே அலைந்து, அந்த நோய்க்குத் தடுப்பூசி தேடுகிற கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே கூண்டில் ஒரு வெள்ளெலி. தட்டு நிறையத் தீனி.

"ஊரே பட்டினி கிடக்குது. உனக்கு யோகம்தான், தம்பி," என்றது பெருச்சாளி.

வெள்ளெலி கம்பி வழியே தீனியைத் தள்ளிவிட்டது. "சாப்பிடுங்க அண்ணாச்சி. இங்க ஒரு கை வரும். அதுக்கு முகம் கிடையாது. எங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து போடும், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. அப்புறம் எல்லாருக்கும் நோயைக் கொடுக்கும்."

"உனக்கு எது போட்டுச்சு?"

"தெரியாது. பக்கத்துக் கூண்டுல நேத்துலேருந்து சத்தம் இல்லை. அவனுக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

மருந்து பலித்தது. மண்டி திறந்தது. மறுபடி கொழுத்த பெருச்சாளி, நன்றி மறக்காமல் ஒரு நிலக்கடலையைக் கவ்விக்கொண்டு வந்தது. அதே கூண்டில் ஒரு வெள்ளெலி நின்றது.

"தம்பி, நல்லாயிட்டியா?"

"நீங்க யாரு? எனக்கு முன்னால இங்க யாரும் இல்லையே. கூண்டு புதுசாத்தானே இருக்குது."

கூண்டில் கழுவித் துடைத்த லோஷன் வாடை அடித்தது. பெருச்சாளி கடலையைக் கீழே வைத்தது.

"வெளியில ஏதாவது நோய் இருக்குதா, அண்ணாச்சி?"

"இல்லை. எல்லாம் போயிடுச்சு. மண்டியெல்லாம் திறந்தாச்சு."

வெள்ளெலி கம்பியோரம் வந்தது.

"அப்படின்னா, இன்னிக்குக் காலையில அந்தக் கை வந்து எனக்கு எதுக்கு ஊசி போட்டுச்சு?"