கோப்பைக்கு ஒரு பேசின், கைக்கு ஒரு பேசின்

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல், கென்ட் மாவட்டம் மார்டனில், எங்கள் வீட்டு அடுக்களை மேசையைச் சுற்றி மூவர் அமர்ந்திருந்தோம்: என் கணவர் எட்வின் ஹாக்வுட், திருமதி மிஸெல்லி ரிப்லி, நான்.

திருமதி ரிப்லி ரோமானி என்னும் நாடோடி இனப் பெண். சந்தையில் பூ விற்பவர். ஊர் எல்லையில் கேரவன் வண்டிகள் நிற்கும் திடலில் குடியிருப்பவர். எட்வினின் அழைப்பை ஏற்று, ஒரு தீர்ப்பு வழங்க வந்திருந்தார்.

எட்வினின் கொள்ளுப்பாட்டி கெசையா ரோமானிப் பெண்ணா, இல்லையா? வழக்கு அதுதான்.

ஒன்பது ஆண்டுகளாக எட்வின் தம் குடும்ப வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். தம் உடலில் நாடோடி இரத்தம் ஓடுவதாகத் தபால்காரர் வரைக்கும் அறிவித்தாயிற்று. சனிக்கிழமை மாலை ஊர் மன்றத்தில் அதைப் பற்றிப் பேசவும் ஒப்புக்கொண்டிருந்தார். 'ஹாக்வுட் குடும்பத்தின் ரோமானி வேர்கள்' என்று சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. சான்றுதான் கிடைத்தபாடில்லை.

அன்று நாடோடிகளைப் போலக் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை வேறு கட்டியிருந்தார்.

"கழுத்துல என்னங்க, சுளுக்கா?" என்று கேட்டார் திருமதி ரிப்லி.

எட்வின் அதை மெல்ல அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் தேநீர் ஊற்றினேன். விருந்தினர் கோப்பையைத் தொடவில்லை. வீட்டில் வாழ்பவர்கள் பாத்திரம் கழுவும் முறையில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. என் அடுக்களையில் கழுவுவதற்குத் தண்ணீர் வைக்கும் பேசின்கள் இரண்டு: வெள்ளை பேசின் கோப்பைகளுக்கு. நீல பேசின் கைகளுக்கு. நாற்பதாண்டு மணவாழ்வில் எட்வின் இதை ஒழுங்காகக் கற்றதில்லை. வாத்தியாரம்மாவின் பிடிவாதம் என்பார்.

"பேரு கெசையா. கூடை வித்தவங்க. போட்டோல காதுல பெரிய வளையம்கூட இருக்கு," என்று எட்வின் தம் தரப்பை எடுத்துரைத்தார்.

"ராசா, கூடை தூக்குனவங்க எல்லாம் எங்க ஆளுன்னா, காய் வாங்கப் போற பாதிரியார் சம்சாரமும் எனக்குச் சித்தி மகதான். கெசையா பைபிள்ல இருக்கிற பேரு. அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு கெசையா இருப்பாங்க."

எட்வினின் முகம் வாடியது. எனக்கே சற்று இரக்கமாக இருந்தது.

"படத்தை ஒருதரம் பாத்துட்டுச் சொல்லுங்களேன்," என்றார்.

பழைய புகைப்படங்களை அழுக்குக் கையால் தொடக் கூடாது என்பது வம்சம் தேடுவோரின் விதி. எட்வினின் விரல்களில் ரொட்டி வெண்ணெய் ஒட்டியிருந்தது. விதி தவறாத மனிதர். எழுந்து சென்று இரு கைகளையும் மணிக்கட்டுவரை வெள்ளை பேசினுக்குள் விட்டார்.

"மொக்காடி!"

திருமதி ரிப்லி எழுந்து நின்றே கத்திவிட்டார்.

நானும் கத்திவிட்டேன். அதே நொடியில், அதே சொல்லை.

தீட்டு என்று பொருள். ரோமானிச் சொல்.

எட்வினின் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டோரா, அந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே போன வருஷம்தானே தெரிஞ்சுது?"

திருமதி ரிப்லி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். பிறகு, முன்பின் அறியாத ரோமானி இனத்தவர் இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க யாரு வீட்டுப் பொண்ணு, அக்கா?"

வண்டியை விட்டுச் செங்கல் வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கு வயது ஆறு. நாம் யார் என்று பள்ளியில் வாயைத் திறக்காதே என்றார் அம்மா. திறக்கவில்லை. ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தபோதும் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த வேலை கிடைத்திருக்காது.

"லெமெண்டினா பக்லண்டோட மக," என்றேன்.

திருமதி ரிப்லி உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நான் வெள்ளை பேசினைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கை பட்டுத் தீட்டான பேசினில் இனிக் கோப்பை கழுவ முடியாது; அது திருமதி ரிப்லிக்கும் தெரியும்.

எட்வின் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

"ஒன்பது வருஷம் டோரா! ஊர் ஊரா அலைஞ்சு தேடறேன். பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"நீங்க உங்க வீட்டாளுங்களைத்தானே தேடினீங்க? என் வீட்டைப் பத்தி ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"விடுங்கய்யா," என்றார் திருமதி ரிப்லி, சிரிப்பை அடக்க முடியாமல். "ரத்தத்துல இல்லைன்னா என்ன? நாப்பது வருஷமா எங்க திட்டு வாங்கியிருக்கீங்க. எங்க வீட்டு மாப்பிள்ளைங்களுக்கும் அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கிறதில்லை."

எட்வினால் உடன் சிரிக்க முடியவில்லை. கூட்டம் வேண்டாம், ரத்து செய்யச் சொல்லிவிடுகிறேன் என்று தொலைபேசியை நோக்கி எழுந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன்.

திருமதி ரிப்லி விடைபெறுவதற்குள் பின்வருமாறு முடிவாயிற்று. வேறு சான்று கிடைக்கும்வரை கெசையா கூடை விற்ற பெண்மணி மட்டுமே. சனிக்கிழமைக் கூட்டம் அறிவித்தபடி நடைபெறும். வரப்போகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். ஆகவே நேரத்துக்கு வந்துவிடுவார்கள். சுவரொட்டியில் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. பேசுபவரின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

நான் பேசுவேன். நாற்காலிகளை எட்வின் போடுவார்.