காயாத குல்லா

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், கொழுந்து கிள்ளிவிட்டு வரும் மாரித்தாய், நனைந்த கம்பளிக் குல்லாவை மகன் லோகேஷின் கம்ப்யூட்டர் மேல்தான் காயப்போடுவாள். அவன் விளையாடும்போது அதிலிருந்து அனல் வரும்.

அன்று மேட்ச் நடுவே கேம் திக்கியது. பிராசஸர் சூட்டில் கருகிவிடுமோ என்று தயங்கித் தயங்கி, லோகேஷ் அதன் வேகத்தைக் கூட்டினான். சூடே ஏறவில்லை.

“ஏலே, பொட்டி சில்லுன்னு கெடக்கு. எனக்குத்தான் மேலெல்லாம் கொதிக்குது” என்று அம்மா படுத்துவிட்டாள்.

ஏதோ சந்தேகத்தில் லோகேஷ் வேகத்தைக் குறைத்தான். அவளுக்கு வியர்த்து, காய்ச்சல் விட்டது. கேம் மறுபடி திக்கியது. கூட்டினான். அவள் முனகினாள்.

ஜெயிக்க ஒரு ரவுண்டுதான் பாக்கி. அவள் முகத்தைப் பார்க்காமல் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ரவுண்டு முடிந்தபோது குல்லா ஈரமாகவே இருந்தது. நெற்றித்துணி காய்ந்து விறைத்திருந்தது.

“செயிச்சிட்டியா ராசா?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.